இரண்டு கடிதங்களும் இருநூறு வருஷத்துக் கேள்வியும்



பரிசளிப்பு விழா மலருக்கு ஒரு சரித்திரக் கட்டுரை வேண்டும் என்று தலைமையாசிரியர் கேட்டபோது, எந்த ராஜாவைப் பற்றி எழுதுவது, எந்தப் போரைப் பற்றி எழுதுவது என்றுதான் முதலில் யோசித்தேன். அந்தக் கவலையைத் தீர்த்து வைத்தவள் நம் பள்ளியின் பழைய மாணவி ஒருத்தி. அவள் பெயர் இங்கே வேண்டாம். செபராங் பிறையில் தோட்டம் விற்கப்பட்டு வீடமைப்பு வந்த பிறகு, பினாங்குப் பட்டணத்துக்குக் குடிவந்த குடும்பம். இங்கே ஆறாம் வகுப்பு முடித்து, இடைநிலைப் பள்ளி, பல்கலைக்கழகம் என்று ஏறி, மூன்று வருஷமாக ஓர் அலுவலகத்தில் வேலையும் பார்த்தவள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். கையில் இரண்டு கடிதங்கள்.

"சார், ரெண்டு இடத்திலயும் மேல்படிப்புக்கு இடம் கிடைச்சிருக்கு. ஒண்ணு பொது நிர்வாகம், இன்னொண்ணு பொதுக் கொள்கை. ரெண்டும் முதுகலைதான். எதை எடுக்கிறதுன்னு தெரியல."

அப்பா குறுக்கிட்டார்: "ரெண்டும் கவர்மெண்டு படிப்புதானே வாத்தியாரையா? இதுல என்ன பெரிய வித்தியாசம்?"

நல்ல கேள்வி. நான் அப்போது சொன்ன பதிலையும், சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்துத்தான் இந்தக் கட்டுரை.

இரண்டு சொற்கள்

ஒரு தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். பால்மரத்தை வெட்டிவிட்டுச் செம்பனை நடலாமா, தொழிலாளிக்கு வீடு கட்டித் தரலாமா, அதற்கு எவ்வளவு பணம் ஒதுக்கலாம் என்று முடிவு செய்வது கொள்கை. முடிவான பிறகு ஆள் பிரித்து, கணக்கு எழுதி, சாமான் வரவழைத்து, மழைக்காலத்துக்குள் கூரையைப் போட்டு முடிப்பது நிர்வாகம். முன்னது "என்ன செய்வது, ஏன் செய்வது" என்று கேட்கும். பின்னது "எப்படிச் செய்வது, யார் செய்வது" என்று கேட்கும்.

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் நாட்டை ஆளப்போகிறவனுக்கு இவற்றில் எதை முதலில் கற்றுக்கொடுப்பது என்ற சண்டை இருநூறு வருஷத்துக்கு மேலாக நடந்து வருகிறது. அந்தச் சண்டையில் நம் பினாங்குக்கும் பங்கு உண்டு, தமிழுக்கும் பங்கு உண்டு.

1800: வெல்லெஸ்லி பிரபுவின் கல்லூரி

நமக்கு எதிர்க்கரையில் இருக்கும் செபராங் பிறைக்கு வெள்ளைக்காரர் வைத்த பெயர் வெல்லெஸ்லி மாநிலம். 1800-ஆம் ஆண்டில் கெடா சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி அந்த நிலத்தைப் பெற்றுக்கொண்டு, அப்போதைய கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி பிரபுவின் பெயரைச் சூட்டியது.

அதே 1800-இல் அதே வெல்லெஸ்லி கல்கத்தாவில் வில்லியம் கோட்டைக் கல்லூரியைத் தொடங்கினார். சீமையிலிருந்து பதினாறு, பதினேழு வயதில் கப்பலேறி வரும் பையன்கள், நாட்டு பாஷை தெரியாமல், சட்டம் தெரியாமல், ஜில்லாவை ஆள உட்காருகிறார்களே, இது சரியா என்பது அவர் கேள்வி. இந்தியாவிலேயே வைத்துப் படிப்புச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றார்.

லண்டனில் இருந்த கம்பெனி டைரக்டர்களுக்கு இது பிடிக்கவில்லை. செலவு அதிகம், அதோடு அதிகாரம் கைவிட்டுப் போகும் என்ற பயம். கல்கத்தாக் கல்லூரியைச் சுருக்கச் சொல்லிவிட்டு, 1806-இல் இங்கிலாந்திலேயே தங்கள் கல்லூரியைத் தொடங்கினார்கள். 1809-இல் அது ஹெய்லிபரி என்ற ஊருக்கு மாறியது. அங்கே சரித்திரமும் பொருளாதாரமும் போதித்த பேராசிரியர் யார் தெரியுமா? ஜனத்தொகையைப் பற்றிப் புத்தகம் எழுதி உலகப் புகழ் பெற்ற மால்தஸ். வரி எப்படி விதிப்பது, பஞ்சம் ஏன் வருகிறது, தானிய விலை ஏன் ஏறுகிறது என்பதையெல்லாம் பையன்கள் அவரிடம் படித்தார்கள். இன்றைய பாஷையில் சொன்னால் அது கொள்கைப் படிப்பு.

1812-இல் சென்னையில் இன்னொரு கல்லூரி பிறந்தது. செயிண்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி என்று அதற்குப் பெயர். அதற்குக் காரணமாயிருந்தவர், சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ் துரை. திருக்குறளில் தோய்ந்து அதற்கு ஆங்கிலத்தில் உரை எழுதியவர். தமிழும் தெலுங்கும் சம்ஸ்கிருதத்திலிருந்து வந்தவையல்ல, அவை தனிக் குடும்பம் என்று 1816-லேயே எழுதி வைத்தவர். கால்டுவெல் பாதிரியாரின் ஒப்பிலக்கணம் வந்தது அதற்கு நாற்பது வருஷம் கழித்து. எல்லிஸின் கல்லூரியில் தாண்டவராய முதலியார் போன்ற தமிழ்ப் புலவர்கள் வெள்ளைக்கார இளைஞர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தார்கள். ரயத்து என்ன சொல்கிறான், மனுவில் என்ன எழுதியிருக்கிறது, கணக்குப்பிள்ளை காட்டும் கணக்கு சரியா என்று அதிகாரி தானே புரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் நோக்கம். இது நிர்வாகப் படிப்பு.

எல்லிஸ் தமிழின் தனிக்குடும்பத்தைப் பற்றி எழுதிய அதே 1816-இல், அக்டோபர் 21-ஆம் தேதி, நம் பினாங்கில் ஃப்ரீ ஸ்கூல் தொடங்கியது. இந்நாட்டுத் தமிழ்க் கல்வியின் தொடக்கமாக நாம் கொண்டாடுவது அங்கே நடந்த தமிழ் வகுப்பைத்தான்.

அருணாசலம் காட்டிய வழி

ஹெய்லிபரியில் சேரக் கம்பெனி டைரக்டரின் சிபாரிசு வேண்டும். நம்மவர்கள் உள்ளே நுழையவே முடியாது. 1855-இல் போட்டிப் பரீட்சை வந்தது. 1858-இல் ஹெய்லிபரி மூடப்பட்டது. பரீட்சை என்று வந்தால் நம்மவன் சும்மா இருப்பானா? 1863-இல் வங்காளத்துச் சத்யேந்திரநாத் தாகூர் இந்திய சிவில் சர்வீஸில் தேறினார். 1875-இல் இலங்கை சிவில் சர்வீஸில் போட்டிப் பரீட்சை எழுதித் தேறிய முதல் இலங்கையர் ஒரு தமிழர். அவர்தான் பொன்னம்பலம் அருணாசலம்.

கேம்பிரிட்ஜில் படித்த அருணாசலத்துக்கும் இரண்டு வாசல் திறந்திருந்தது. ஒன்று வக்கீல் தொழில், மற்றொன்று அரசாங்க உத்தியோகம். பாரிஸ்டர் பட்டமும் பெற்றார்; உத்தியோகத்தையும் ஏற்றுக்கொண்டார். பதிவுத்துறைத் தலைவராக உட்கார்ந்து நிலப் பத்திரப் பதிவை ஒழுங்குபடுத்தினார். 1901-ஆம் ஆண்டின் ஜனத்தொகைக் கணக்கெடுப்பை முன்னின்று நடத்தி அறிக்கை எழுதினார். ஓய்வு பெற்ற பிறகு 1919-இல் இலங்கைத் தேசிய காங்கிரஸின் முதல் தலைவரானார். தோட்டத் தொழிலாளியைக் கூலிக் கடனுக்காகச் சிறைக்கு அனுப்பும் சட்டத்தை எதிர்த்துப் போராடினார்.

கவனியுங்கள். முதலில் நிர்வாகம், பத்திரமும் கணக்கும் பார்த்த வருஷங்கள். பிறகு கொள்கை, சட்டத்தையே மாற்று என்ற குரல். தோட்டத்துத் தொழிலாளியின் எண்ணிக்கையும் நிலையும் அவருக்குக் காகிதத்தில் தெரிந்திருந்தது, அதனால் பேச்சிலும் பலம் இருந்தது என்றே நான் நினைக்கிறேன்.

நம் தோட்டத்துக்கு வருவோம்

மலாயாவில் நிலைமை வேறு. இங்கே மேல் உத்தியோகம் வெள்ளைக்காரருக்கு. மலாய்க்காரருக்கென்று 1910-இல் தனி நிர்வாக சர்வீஸ் வந்தது. நம்மவர் பெரும்பாலும் கிராணியாக, ரயில்வே ஊழியராக, ஆஸ்பத்திரி டிரஸ்ஸராக நின்றார்கள். பினாங்கு உள்ளிட்ட நீரிணைக் குடியேற்றங்களில் 1934-இல்தான் ஆசியர்களுக்கு ஒரு சிவில் சர்வீஸ் கதவு கொஞ்சம் திறந்தது. மலாயா சிவில் சர்வீஸில் மலாய்க்காரரல்லாத குடிமக்களைச் சேர்க்கத் தொடங்கியது 1953-இல். அதுவும் நான்கு மலாய்க்காரருக்கு ஒருவர் என்ற விகிதத்தில்.

நம்மை ஆள வந்த துரைமார்களில் சிலருக்குத் தமிழ் தெரியும். தொழிலாளர் இலாகாவுக்கு எடுக்கப்பட்டவர்களைத் தமிழ் படிக்கத் தென்னிந்தியாவுக்கு அனுப்பும் வழக்கம் இருந்தது. எல்லிஸ் துரையின் யோசனை இங்கேயும் வந்து சேர்ந்திருந்தது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் பாஷை தெரிந்தால் மட்டும் போதுமா?

1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்தைப் பாருங்கள். ஒரு தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் நிர்வாகம் ஒரு பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்றது. நல்ல கொள்கைதான். நடந்தது என்ன? பல தோட்டங்களில் ஒரு கொட்டகை, ஒரு கரும்பலகை. எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோதான் வாத்தியார். பள்ளி வேண்டும் என்று சொன்ன சட்டம், அதில் படிப்பு நடக்கிறதா என்று பார்க்கப் போதுமான ஆளையும் பணத்தையும் வைக்கவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான். நம் பாட்டன்மார்களின் கையெழுத்து பெருவிரல் ரேகையாகவே நின்றுபோனதற்கு இதுவும் ஒரு காரணம்.

சுதந்திரத்தின்போது நடந்தது இன்னும் கொடுமை. 1957-இல் எழுதப்பட்ட அரசியல் சட்டம், மெர்டேக்காவுக்கு முன்பே இந்நாட்டில் பிறந்து வாழ்ந்தவர்கள் மனுப் போட்டுக் குடியுரிமை பெறலாம் என்றது. முதல் ஒரு வருஷத்துக்குள் மனுச் செய்தால் மலாய் மொழிப் பரீட்சைகூட வேண்டாம் என்று சலுகையும் கொடுத்தது. தாராளமான கொள்கை! ஆனால் அந்தச் சேதி எத்தனை லயத்துக்குப் போய்ச் சேர்ந்தது? பிறந்த பத்திரம் இல்லாதவன் எதைக் காட்டுவான்? ஒருநாள் பட்டணம் போய் வந்தால் அன்றையக் கூலி போச்சே! தொழிற்சங்கத்தாரும் கட்சிக்காரர்களும் ஓடியாடிப் பலருக்கு மனு எழுதிக்கொடுத்தார்கள். அப்படியும் விட்டுப்போனவர்கள் ஏராளம்.

1968-இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் எடுக்க வேண்டும் என்றானது. பிறந்ததிலிருந்து மரம் சீவியவனும் அந்நியன் ஆனான். அடுத்த சில வருஷங்களில் பல்லாயிரம் பேர் மூட்டை கட்டினார்கள். பினாங்குத் துறைமுகத்தில் ரஜுலா கப்பல் ஏறி நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் போனவர்களை வழியனுப்பிய பெரியவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரு பாரத்தை நிரப்பாததால் ஒரு குடும்பம் இரண்டாகப் பிரிந்த கதை சொல்வார்கள்.

கல்லூரிகள் பெருகிய விதம்

இதற்கிடையில் உலகத்தில் இந்தப் படிப்பு பெரிய படிப்பாக வளர்ந்துவிட்டது. அமெரிக்காவில் 1887-இல் உட்ரோ வில்சன் என்ற பேராசிரியர், அரசியல் வேறு, நிர்வாகம் வேறு. நிர்வாகத்தைத் தனி சாஸ்திரமாகப் படிக்க வேண்டும் என்று எழுதினார். அவரே பின்னால் அந்நாட்டு ஜனாதிபதியானார். 1924-இல் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் மேக்ஸ்வெல் பள்ளி தொடங்கியது. 1936-இல் ஹார்வர்டில் பொது நிர்வாகப் பட்டமேற்படிப்புப் பள்ளி அமைந்தது. நம் சென்னைப் பல்கலைக்கழகமும் சளைக்கவில்லை. 1937-லேயே பொது நிர்வாகத்தில் பட்டயப் படிப்பு வைத்தது.

1960-களில் காற்று திரும்பியது. அலுவலகம் ஒழுங்காக நடக்கிறது, சரி. ஆனால் செய்கிற காரியமே தப்பாக இருந்தால்? வறுமையை ஒழிக்கிறோம் என்று கொட்டும் பணம் ஏழைக்குப் போய்ச் சேருகிறதா என்று யார் கணக்குப் பார்ப்பது? இந்தக் கேள்விகளிலிருந்து பிறந்ததுதான் பொதுக் கொள்கைப் படிப்பு. பெர்க்கலி பல்கலைக்கழகத்தில் 1969-இல் இதற்கென்றே தனிப்பள்ளி வந்தது. ஹார்வர்டின் நிர்வாகப் பள்ளியும் 1966-இல் கென்னடியின் பெயரைப் பெற்று அதே வழியில் திரும்பியது.

நம் நாட்டிலும் அதே 1966-இல் இரண்டு காரியம் நடந்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் பொருளாதார, நிர்வாகப் புலம் உண்டானது. மாண்ட்கோமரி, எஸ்மன் என்ற இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள் நம் அரசாங்க நிர்வாகத்தை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார்கள். கோப்பு பார்க்கும் பழைய பழக்கம் போதாது, வளர்ச்சிக்கு வேண்டிய பயிற்சி அதிகாரிகளுக்குத் தேவை என்றது அந்த அறிக்கை. 1972-இல் இந்தான் என்ற தேசிய பொது நிர்வாகக் கழகம் அமைந்தது. வடக்கே 1984-இல் மலேசிய வடக்குப் பல்கலைக்கழகம் தோன்றியது. தெற்கே சிங்கப்பூரில் 2004-இல் லீ குவான் யூ பெயரில் பொதுக் கொள்கைப் பள்ளி வந்தது. ஆக, கல்கத்தாவுக்கும் ஹெய்லிபரிக்கும் நடந்த பழைய சண்டையின் பேரப்பிள்ளைகள் இன்று நம்மைச் சுற்றியே இருக்கிறார்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

இவ்வளவும் சொன்ன பிறகு அந்தப் பெண்ணைக் கேட்டேன்: "இந்தப் படிப்பு எதுக்கும்மா உனக்கு?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு சொன்னாள்: "பாட்டிக்கு இன்னும் சிவப்புக் கார்டுதான் சார். தோட்டத்திலேயே பிறந்தவங்க. அந்த ஒரு வருஷத்தில மனுப் போட யாரும் சொல்லலையாம். அப்புறம் போனப்பல்லாம் ஒரு பேப்பர் இல்லைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. சின்ன வயசில நான்தான் பாட்டி கூடப் போவேன். கவுண்டர்ல இருந்தவங்க நிமிர்ந்துகூடப் பார்க்கல."

"சரி, தப்பு எங்கே? சட்டத்திலா, கவுண்டரிலா?"

அப்பா என் முகத்தைப் பார்த்தார். அவள் கடிதங்களைப் பார்த்தாள்.

தேர்ந்தெடுக்கிறவர் ஒவ்வொருவரும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான் என்பது என் எண்ணம். உனக்குக் கோபம் வருவது சட்டத்தின் மேல் என்றால் கொள்கையைப் படி. பொருளாதாரம், புள்ளிவிவரம், ஒரு திட்டத்தால் யாருக்கு லாபம் யாருக்கு நஷ்டம் என்று எடைபோடும் முறை இவையெல்லாம் அங்கே வரும். கணக்கில் பயம் இருக்கக் கூடாது. கோபம் கவுண்டரின் மேல் என்றால் நிர்வாகத்தைப் படி. வரவு செலவுத் திட்டம், ஊழியர் நிர்வாகம், நிர்வாகச் சட்டம், ஊராட்சி இவையெல்லாம் அங்கே வரும். மனிதரோடு பழகப் பொறுமை வேண்டும்.

இன்னும் சில விஷயங்கள் உண்டு. பட்டத்தின் பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். பாடத்திட்டத்தை வாங்கி வரிவரியாகப் படியுங்கள். நிர்வாகம் என்று பெயர் வைத்துக் கொள்கை நடத்தும் இடமும் உண்டு, மறுபடியும் உண்டு. மாணவரை வெளியே அனுப்பி ஓர் உண்மையான அலுவலகத்தின் பிரச்னையை ஆராயச் சொல்கிறார்களா என்று விசாரியுங்கள். படிப்பு மலேசியத் தகுதி ஆணையத்தின் அங்கீகாரம் பெற்றதா என்று பாருங்கள். வெளிநாட்டுப் பட்டமென்றால் அரசாங்கம் அதை ஏற்குமா என்று முன்கூட்டியே கேளுங்கள். செலவுக் கணக்கையும் போடுங்கள். அரசாங்க நிர்வாகச் சேவையில் நுழைய முதற்பட்டமும் நல்ல மலாய் மொழித் தேர்ச்சியும் இருந்தால் மனுச் செய்யலாம்; முதுகலை கட்டாயமில்லை. ஆகவே வீட்டை அடகு வைத்து முதுகலை படித்தால்தான் வேலை என்று எந்தப் பெற்றோரும் பயப்பட வேண்டாம்.

இரண்டும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் கண்முன்னே ஒரு சாட்சி உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்த நேரத்தில், 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளியே தோட்டத்தை வாங்கட்டும் என்பது கொள்கை. தோட்டம் தோட்டமாக நடந்து, சம்பளநாள் பார்த்துப் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் சேர்த்துக் கணக்கு வைத்தது நிர்வாகம். நமக்குப் பக்கத்திலேயே, கெடாவில் உள்ள புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் முதல் தோட்டமானது. யோசனை மட்டும் இருந்து வசூல் நடக்காமல் போயிருந்தால் அது மேடைப் பேச்சோடு நின்றிருக்கும். வசூல் மட்டும் நடந்து யோசனை இல்லாமல் போயிருந்தால் இன்னொரு சீட்டுக் கம்பெனியாகப் போயிருக்கும்.

இரண்டு வாரம் கழித்து அந்தப் பெண் மறுபடியும் வந்தாள். நிர்வாகத்தையே எடுத்துக்கொண்டாளாம். "சட்டத்தை மாத்தணும் சார், ஆனா முதல்ல கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்க்கிறேன். எங்க அடைபடுதுன்னு தெரிஞ்சாத்தானே மாத்தச் சொல்ல முடியும்?" என்றாள். அருணாசலத்தின் வழி அது. அவளைவிட வேறு குணமுள்ள பிள்ளை மற்றதை எடுத்தாலும் நான் ஆசீர்வாதம்தான் செய்திருப்பேன்.

அப்பா வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். "வாத்தியாரையா, படிப்பு முடிஞ்சு வர்றதுக்குள்ள அம்மாவுக்குத் தொண்ணூறு ஆயிடும். அதுவரைக்கும் காத்திருக்கணுமா?"

காத்திருக்க வேண்டாம் என்றேன். மகள் படிக்கட்டும், நாம் இந்த வாரமே பாட்டியின் காகிதங்களைத் தேட ஆரம்பிப்போம். பழைய தோட்டத்துப் பெயர்ப்பட்டியல், ஞானஸ்நானமோ கோயில் கல்யாணமோ நடந்த குறிப்பு, கூடப் பிறந்தவர் பத்திரம், எது கிடைத்தாலும் கொண்டு வாருங்கள் என்றேன். மறுநாள் சாயந்திரம் ஒரு பழைய பிஸ்கட் டின்னோடு வந்துவிட்டார். இப்போது இரண்டு பேரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

மாணவச் செல்வங்களே, இன்று பரிசு வாங்கும் கைகளில் சில கைகள் நாளைக்குக் கோப்புகளில் கையெழுத்துப் போடும். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர் யாருடைய பாட்டி என்பதை அப்போது மறந்துவிடாதீர்கள்.